பலகை பச்சை, பில் சிவப்பு!

சென்னையில் ஆபீசுக்கு இடம் தேடி அலைகிறவர்களின் காதில் இப்போது ஒரு வார்த்தை அடிக்கடி விழுகிறது. "பசுமைக் கட்டடம்"!

கிண்டி, அம்பத்தூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களில் வாசலிலேயே பலகை பளபளக்கிறது. ஒன்றில் "தங்கம்" என்று இருக்கிறது. இன்னொன்றில் "பிளாட்டினம்" என்று இருக்கிறது. நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும்!

கூட வரும் புரோக்கர் சும்மா இருப்பாரா? "சார், இது பசுமைக் கட்டடம். சதுர அடிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்" என்பார்.

கொஞ்சம் கூடக் கொடுக்க வாடகைக்காரர் தயார்தான். அவர் கேட்பது ஒரே கேள்வி. "கூடக் கொடுக்கிற காசுக்கு எனக்கு என்ன கிடைக்கும்?"

இதற்குப் பலகை பதில் சொல்லாது. மாசம் பிறந்தால் வருகிற கரண்டு பில்தான் பதில் சொல்லும்.

பட்டம் யார் கொடுப்பது?

முதலில் இந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 2001-ல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் "லீட்" முறை, டெல்லி "டெரி" நிறுவனத்தின் "கிரிகா" முறை என்று வேறு முறைகளும் உண்டு. எல்லாமே பரீட்சை மாதிரிதான். தண்ணீருக்கு இத்தனை மார்க். மின்சாரத்துக்கு இத்தனை மார்க். காற்றுக்கு, வெளிச்சத்துக்கு, கட்டுமானப் பொருளுக்கு என்று தனித்தனி மார்க். மொத்தத்தைக் கூட்டி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்றோ, கிரிகாவில் நட்சத்திரம் என்றோ தருகிறார்கள்.

நல்ல காரியம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஐதராபாத்தில் இதே தொழில் கூட்டமைப்பு ஒரு பசுமை மையம் கட்டியது. 2003-ல் அதற்கு "லீட் பிளாட்டினம்" கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தப் பட்டம் வாங்கிய முதல் கட்டடம் அதுதான். நடுவில் முற்றம், ஓட்டை போட்ட சாளரச் சுவர், காற்றை உள்ளே இழுக்கும் கோபுரம், ஒரு சொட்டு கழிவுநீரும் வெளியே போகாத ஏற்பாடு. நம் பாட்டன் பூட்டன் கட்டிய வீட்டு யோசனைகள்தான் பாதி!

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. புதுக் கட்டடத்துக்கு மின்சார மார்க் போடும்போது, இவ்வளவு கரண்டு ஆகும் என்று கம்ப்யூட்டரில் போட்ட கணக்கைத்தான் பார்க்கிறார்கள். ஆள் குடிவந்த பிறகு மீட்டர் எப்படி ஓடுகிறது என்பது வேறு கதை.

இன்னொன்று. கட்டடத்தின் கூட்டுக்கு மட்டும் பட்டம் வாங்கலாம். வெளிச்சுவர், பொது லிப்ட், பொது குளுகுளு எந்திரம் இவற்றோடு சரி. நாலாவது மாடியில் உங்கள் ஆபீசுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தப் பட்டம் சொல்லாது. பலகை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக வாசலில் மின்னும்.

முதல் தேவை: தனி மீட்டர்

ஆபீஸ் வாடகைக்காரர் கேட்பதில் முதலில் வருவது இதுதான். "என் மீட்டர் எனக்கு."

பல கட்டடங்களில் ஆபீசுக்குள் இருக்கும் விளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் மீட்டர் தனியாக இருக்கும். ஆனால் காசை விழுங்குகிற பெரிய பூதமான குளுகுளு எந்திரம் பொதுவில் இருக்கும். அதன் செலவைச் சதுர அடிக் கணக்கில் பங்கு போடுவார்கள்.

ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிற ஆடிட்டர் ஆபீசுக்கும், ராத்திரி பகலாக ஓடுகிற இன்னொரு ஆபீசுக்கும் ஒரே கணக்கா? சிக்கனமாக இருப்பவன் தலையில் தாராளமாக இருப்பவன் செலவு விழுகிறது. அப்புறம் எவன் சிக்கனமாக இருப்பான்? "எப்படியும் பில் வரப்போகுது, போட்டு விடு 18-ல்!" என்றுதான் சொல்வான்.

இதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருக்கிறது.

நல்ல குளுகுளு எந்திரம் வாங்கிப் போடுவது யார்? சொந்தக்காரர். கரண்டு பில் கட்டுவது யார்? வாடகைக்காரர். சொந்தக்காரர் கூடுதலாக 20 லட்சம் போட்டு நல்ல எந்திரம் வைத்தால் லாபம் வாடகைக்காரருக்குப் போகிறது. மட்டமான எந்திரம் வைத்தால் நஷ்டமும் வாடகைக்காரருக்கே. இதில் சொந்தக்காரர் ஏன் கையைக் கடித்துக்கொள்ள வேண்டும்?

வாடகைக்காரர் தன் காசில் மாற்றலாமே என்றால் அதுவும் நடக்காது. அவருக்கு ஒப்பந்தம் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோதான். அடுத்தவன் கட்டடத்தில் இவர் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?

இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மீட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது!

கணக்கைப் பாருங்கள்!

மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அலுவலகம் 2009-ல் ஆபீஸ் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. பிரிஜ் மேல் ஒட்டுகிற நட்சத்திரம் மாதிரிதான். இதில் கம்ப்யூட்டர் கணக்குச் செல்லாது. ஒரு வருஷம் உண்மையாகச் செலவான கரண்டுதான் கணக்கு.

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில், பாதிக்கு மேல் குளுகுளு வசதி உள்ள ஆபீசுக்கு அப்போது சொன்ன அளவு இது. ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 175 முதல் 200 யூனிட் வரை ஆனால் ஒரு நட்சத்திரம். 100 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம்.

இதை ரூபாயாக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

10 ஆயிரம் சதுர அடி ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 929 சதுர மீட்டர். 200 யூனிட் வீதம் ஆனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 85 ஆயிரத்து 800 யூனிட். 100 யூனிட் வீதம் ஆனால் 92 ஆயிரத்து 900 யூனிட். சரி பாதி!

யூனிட் 9 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வித்தியாசம் வருஷத்துக்கு 8 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய். மாசம் கிட்டத்தட்ட 70 ஆயிரம். நாலைந்து குமாஸ்தாக்களின் சம்பளம் காற்றில் போகிறது!

இந்தக் கணக்கை எந்தப் புரோக்கராவது காட்டுகிறாரா? காட்டமாட்டார். ஏனென்றால் இந்த நட்சத்திரம் கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் விடலாம். பில் குறைவாக வருகிறவன் வாங்கி மாட்டுவான். கூட வருகிறவன் கப்சிப்!

இரண்டாவது தேவை: தண்ணி

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு போச்சு. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர்!

அப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் என்ன நடந்தது? சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. கண்ணாடி மாளிகை இருந்தது. லிப்ட் இருந்தது. கக்கூசில் தண்ணி இல்லை!

பளிங்குத் தரையை வைத்துக்கொண்டு ஒருவன் கை கழுவ முடியுமா?

அதனால் ஆபீஸ்காரர் இன்று கேட்பது இதுதான். கட்டடத்தில் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் எந்திரம் இருக்கிறதா? இருந்தால் தினமும் ஓடுகிறதா? கக்கூசுக்கும் செடிக்கும் குளுகுளு எந்திரத்துக்கும் அந்தத் தண்ணீர் போகிறதா? மாசத்துக்கு எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள்?

மழைநீர் சேமிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. குழாயும் தொட்டியும் இருக்கும். ஆனால் தூர் எடுக்காவிட்டால் தொட்டிக்குள் சேறும் இலையும்தான் சேமிப்பு! ஐப்பசி பிறக்கும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தண்ணீர் இல்லாதது ஒரு கஷ்டம் என்றால் தண்ணீர் புகுவது இன்னொரு கஷ்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ஜெனரேட்டரையும் மின்சாரப் பலகையையும் தரைக்கு அடியில் வைத்துவிட்டு, மொட்டை மாடியில் சூரிய ஒளித் தகடு பதித்து என்ன பிரயோஜனம்? ஒரு மழைக்குத் தாங்காத கட்டடத்தைப் பசுமைக் கட்டடம் என்று சொல்ல வாய் கூச வேண்டும்.

மூன்றாவது தேவை: மூச்சு விடக் காத்து

ஆபீஸில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். வெளியே 38 டிகிரி கொளுத்தும். உள்ளே அம்மாக்கள் சால்வை போர்த்திக்கொண்டு டைப் அடிப்பார்கள். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்து ஊற்றும். ஒரு மூலையில் ஊட்டி, ஒரு மூலையில் வேலூர்!

இதற்கும் காசு போகிறது. வீட்டு ஏ.சி. மாதிரியான எந்திரங்களை 24 டிகிரியில் வைக்கச் சொல்லி மத்திய அரசு 2018-ல் யோசனை சொன்னது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏ.சி.கள் கடையில் இருந்து வரும்போதே 24-ல்தான் வர வேண்டும் என்று ஆக்கிவிட்டது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம் என்பது எரிசக்தி சிக்கன அலுவலகத்தின் கணக்கு. 18-ஐ விட்டு 24-க்கு வந்தால் எவ்வளவு மிச்சம் என்று மானேஜரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

குளிரை விட முக்கியம் காற்று. கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளிக்காற்றை அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறவர்கள் உண்டு. மத்தியானம் மூன்று மணிக்குத் தலை கனக்கிறது, கொட்டாவி வருகிறது என்றால் சாப்பாட்டு மயக்கம் மட்டும் காரணம் இல்லை. 50 பேர் விட்ட மூச்சும் காரணம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஆபீஸ் வேலை பார்க்கும் 24 பேரை 6 நாள் ஒரு விசேஷ அறையில் உட்கார வைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மாற்றி மாற்றி விட்டார்கள். வெளிக்காற்று தாராளமாக வந்து, பெயிண்டு, பலகை வாடை குறைவாக இருந்த நாட்களில் முடிவெடுக்கும் சோதனையில் மார்க் எகிறியது. 2015-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது.

முதலாளிக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நல்ல காற்றுக்குக் கொடுக்கிற காசு வீண் செலவு ஆகாது. அது சம்பளத்தில் திரும்பி வந்துவிடும்.

கண்ணாடி மோகம்

சென்னை வெயிலுக்குக் கண்ணாடிச் சுவர் என்ன உறவு? குளிர் தேசத்தில் சூரியனை உள்ளே கூப்பிடக் கட்டியதை, மேற்கு வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில் கட்டுகிறார்கள். வெயில் உள்ளே வந்து சுடுகிறது. அதை விரட்டக் குளுகுளு எந்திரம் கதறுகிறது. கண் கூசுகிறது என்று திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் டியூப் லைட் போடுகிறார்கள். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி, கடைசியில் வெளிச்சமும் இல்லை!

2017-ல் வந்த மத்திய எரிசக்திக் கட்டட விதிகள், நேர்வழியில் அனுமதி கேட்கும் கட்டடத்தில் சன்னல் கண்ணாடி சுவரில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்கின்றன. அதற்கு மேல் போனால், மொத்தக் கட்டடத்துக்கும் கணக்குப் போட்டுக் கரண்டு கூடவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

1913-ல் திறந்த ரிப்பன் மாளிகையை ஒரு தரம் நின்று பாருங்கள். குளுகுளு எந்திரம் இல்லாத காலத்தில் கட்டிய ஆபீஸ் அது. தடித்த சுவர், உயரமான கூரை, நிழல் கொடுக்கும் தாழ்வாரம். அந்த மாதிரியே இன்று கட்ட இடமும் இல்லை, காசும் இல்லை. சன்னலுக்கு மேல் ஒரு சாய்ப்பு, மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு, திறக்கிற மாதிரி நாலு சன்னல். இதைக் கேட்பது பேராசையா?

சின்னதாக இன்னொரு ஆசையும் உண்டு. இடம் ரயிலுக்கோ பஸ்சுக்கோ பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டடம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் 500 பேர் 500 வண்டியில் புகை விட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பசுமை ரோட்டிலேயே கருகிவிடும். ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிற குமாஸ்தாதான் உண்மையான பசுமைக்காரர். அவருக்கு எந்தப் பலகையும் யாரும் மாட்டுவதில்லை!

சொந்தக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

எல்லாப் பழியையும் கட்டடச் சொந்தக்காரர் மேல் போடுவது நியாயம் ஆகாது.

நல்ல எந்திரம் போட்டுக் கொடுத்தாலும் வாடகைக்காரர் ஒழுங்காக நடந்துகொள்கிறாரா? மீட்டிங் அறையில் ஈ, காக்கை இல்லை; விளக்கு எரியும். ராத்திரி எல்லாரும் போன பிறகு கம்ப்யூட்டர் கண் சிமிட்டும். சுத்தமான காற்று வேண்டும் என்பார். வெளிக்காற்று வரும் துவாரத்தை அட்டை வைத்து அடைத்து அறை கட்டிக்கொள்வார். உள் அலங்காரத்துக்கு வேண்டாத விளக்கெல்லாம் தொங்கவிடுவார். பில் வந்ததும் சொந்தக்காரரிடம் சண்டைக்குப் போவார்.

சொந்தக்காரருக்கும் கடன் இருக்கிறது, வட்டி இருக்கிறது. போட்ட காசு திரும்பி வரும் என்று தெரிந்தால் அவரும் செய்வார்.

வழி இருக்கிறது!

ஆஸ்திரேலியாவில் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருக்கிறார்கள். அங்கே "நேபர்ஸ்" என்று ஒரு நட்சத்திர முறை இருக்கிறது. 12 மாசம் உண்மையாக ஆன பில்லை வைத்து நட்சத்திரம் கொடுப்பார்கள். கட்டடத்தின் பொதுச் செலவுக்குத் தனி நட்சத்திரம். வாடகைக்காரர் ஆபீசுக்குத் தனி நட்சத்திரம். யார் மேல் தப்பு என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

2010-ல் சட்டமே போட்டார்கள். பெரிய ஆபீஸ் இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் கொடுத்தால் நட்சத்திரத்தையும் சேர்த்துப் போட்டாக வேண்டும். முதலில் 2 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் என்று இருந்தது. 2017-ல் அதை ஆயிரம் சதுர மீட்டராகக் குறைத்தார்கள். ஒரு நட்சத்திரத்தை விளம்பரத்தில் போட எந்தச் சொந்தக்காரருக்கு மனசு வரும்? தானாகவே திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேயும் அதைச் செய்யலாம். நட்சத்திரம் கொடுக்கும் முறை 2009-ல் இருந்து கையில் இருக்கிறது. அதைக் கட்டாயம் ஆக்கினால் போதும். பெரிய ஆபீஸ் கட்டடம் ஒவ்வொன்றும் போன வருஷத்துக் கரண்டுக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் வாசல் பலகையில் எழுத வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும். தங்கம், பிளாட்டினம் பக்கத்திலேயே அந்த எண்ணும் இருக்கட்டும்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடம் பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாலு விஷயம் கேட்கலாம்.

கடந்த 12 மாசத்துக் கரண்டு பில்லைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். குளுகுளு எந்திரத்துக்குத் தனி மீட்டர் வேண்டும் என்று கேட்கலாம். கழிவுநீர் எந்திரத்தையும் மழைநீர்த் தொட்டியையும் நேரில் பார்க்கலாம். சொந்தக்காரர் நல்ல எந்திரம் போட்டால், மிச்சமாகும் காசை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். அவருக்குப் போட்ட காசு திரும்பும். இவருக்குப் பில் குறையும். ஊருக்குக் கரண்டு மிச்சம்.

பில்லைக் காட்டத் தயங்குகிற கட்டடம் எந்தக் கலரில் பலகை மாட்டியிருந்தாலும் அதற்குள் போக ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

கத்தரிக்காய் வாங்கப் போனால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஊர் இது. லட்சக்கணக்கில் வாடகை கொடுக்கிறவர்கள் பலகையை மட்டும் பார்த்து ஏமாறலாமா?